பணம் பற்றிய ஆங்கிலச் சொற்களும் மரபுத்தொடர்களும்: உருது மாணவர்களுக்கு எதை முதலில் கற்பிப்பது?

வாணியம்பாடி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வாணியம்பாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறேன். வகுப்புக்கு வருவோரில் பெரும்பாலானோர் வீட்டில் தக்னி உருது பேசி, உருது வழிப் பள்ளியில் படித்து, கடைத்தெருவில் தமிழ் பழகியவர்கள். தோல் பதனிடும் தொழிலிலும் ஆம்பூர்ப் பக்கத்துக் காலணி ஏற்றுமதி அலுவலகங்களிலும் வேலை தேடுகிறவர்கள் என்பதால், பணம் பற்றிய ஆங்கிலம் அவர்களுக்கு உடனே தேவைப்படுகிறது.

கடைகளில் கிடைக்கும் வழிகாட்டி நூல்கள் மரபுத்தொடர்களை வரிசையாகக் கொடுத்து, எதிரே உருதுப் பொருளையும் அச்சிட்டுவிடுகின்றன. மாணவர்களும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் 'காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' (விலை மிக அதிகம்) என்பதைத் தடுமாறாமல் ஒப்பிக்கும் மாணவரே அடுத்த நிமிடம் 'ஹவ் மெனி மணி' என்று கேட்கிறார். உருதில் 'பைஸே' பன்மையாகவே வழங்குவதும், 'கித்னே பைஸே' என்பது எண்ணிக்கையைக் கேட்கும் வினாவாகவே அமைவதும்தான் இதற்குக் காரணம் என்பது புரிகிறது. 'எவ்வளவு பணம்' என்று கேட்டுப் பழகிய தமிழ் மாணவர்கள் 'ஹவ் மச்' என்பதற்குச் சிரமமின்றி வந்துவிடுகிறார்கள்.

உருது என் வீட்டு மொழி அன்று. ஆகவே எந்தச் சொல் அவர்களை எங்கே வழுக்கிவிடும் என்பதை என்னால் முன்கூட்டியே ஊகிக்க முடிவதில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? மரபுத்தொடர்களில் எவை கற்பிக்கத் தக்கவை? விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

துபாய்க் கணக்கர்

அம்மா, என் அலுவலகத்தில் கராச்சி, லாகூர், ஹைதராபாத் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடன் கணக்குப் பார்த்து வரும் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: மரபுத்தொடரை ஓரமாக வைத்துவிட்டு எண்ணிலிருந்து தொடங்குங்கள். பணப் பேச்சில் உண்மையான இழப்பு நேர்வது அங்கேதான்.

உருதில் பின்னத்துக்கென்றே தனிச் சொற்கள் உள்ளன. ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயீ', காலைக் கூட்டுவதற்கு 'ஸவா', அரையைக் கூட்டுவதற்கு 'ஸாடே', காலைக் குறைப்பதற்கு 'பௌனே'. இவை ஆயிரம், லட்சம், கோடி என எல்லாவற்றின் முன்னும் வந்து அமரும். 'ஸவா லாக்' என்றால் 1,25,000. 'டாயீ ஹஸார்' என்றால் 2,500. 'பௌனே தோ லாக்' என்றால் இரண்டு லட்சத்துக்குக் கால் லட்சம் குறைவு, அதாவது 1,75,000. தமிழில் நாம் 'ஒன்றே முக்கால் லட்சம்' என்று கீழிருந்து ஏறுகிறோம். அவர்கள் மேலிருந்து இறங்குகிறார்கள். கடிகார நேரத்துக்கும் இதே 'பௌனே தோ' வருவதால், ஆங்கிலத்தில் 'குவார்ட்டர் டு டூ லாக்ஸ்' என்று ஒருவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலேயருக்கு அது மணியாகத்தான் கேட்கும், தொகையாகக் கேட்காது. 'ஒன் ஹண்ட்ரட் அண்ட் செவன்ட்டி ஃபைவ் தௌசண்ட்' என்று முழுவதும் விரித்துச் சொல்லும் பழக்கத்தை வாய்ப்பயிற்சியாகவே கொடுங்கள்.

அடுத்தது மில்லியனும் பில்லியனும். இதில் உருதுக்காரர்களுக்குத் தமிழர்களைவிட ஒரு வசதி உண்டு. நூறு கோடிக்கு உருதில் 'அரப்' என்ற சொல் அன்றாட வழக்கில் இருக்கிறது. பாகிஸ்தான் செய்தித்தாள்களில் வரவு செலவுத் திட்டச் செய்தியே அரப் கணக்கில்தான் வரும். ஓர் அரப் சரியாக ஒரு பில்லியன். ஆகவே பில்லியனை நேரடியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இடறுவது மில்லியனில்தான். பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன் என்பதைக் கையால் எழுதிப் பழக வேண்டும். காற்புள்ளியின் இடமும் மாறும்: நாம் 12,50,000 என்று எழுதுவதை வெளிநாட்டு வாடிக்கையாளர் 1,250,000 என்றுதான் எதிர்பார்ப்பார். ஏற்றுமதி அலுவலகத்தில் விலைப்பட்டியல் எழுதப் போகிறவருக்கு இது எந்த மரபுத்தொடரையும்விட முக்கியம்.

ஓய்வு பெற்ற வங்கியாளர்

மேலே நண்பர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். எண்ணுக்கு அடுத்த இடத்தை, பணம் கை மாறும் திசையைக் காட்டும் சொற்களுக்குக் கொடுக்க வேண்டும்.

உருதில் 'உதார் தேனா', 'உதார் லேனா' என்கிறார்கள். தமிழில் கடன் கொடுப்பது, கடன் வாங்குவது என்கிறோம். இரண்டு மொழிகளிலும் பெயர்ச்சொல் ஒன்றே, வினை மட்டும் மாறுகிறது. ஆங்கிலத்திலோ 'லெண்ட்', 'பாரோ' என்று வேரே வேறாகிவிடுகிறது. 'கேன் யூ பாரோ மீ' என்று கேட்கும் தவறு உருது மாணவர்களிடமும் தமிழ் மாணவர்களிடமும் ஒரே அளவில் இருப்பதற்கு இதுவே காரணம். எனவே இந்தப் பாடத்தை நடத்தத் தமிழாசிரியர் தயங்க வேண்டியதில்லை. இருவரும் நிற்கும் இடம் ஒன்றுதான்.

இதைவிட ஆழமான குழப்பம் 'கிரெடிட்' என்ற சொல்லில் இருக்கிறது. 'பை ஆன் கிரெடிட்' என்றால் கடனுக்கு வாங்குவது, அதாவது உதார். ஆனால் 'யுவர் அக்கவுண்ட் ஹேஸ் பீன் கிரெடிட்டட்' என்று செய்தி வந்தால் கணக்கில் பணம் வந்து சேர்ந்திருக்கிறது, அதாவது ஜமா. ஒரே சொல் கடனையும் வரவையும் எப்படிக் குறிக்கிறது என்று மாணவர் கேட்டால், மனப்பாடம் செய்யச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள். நாம் போடும் பணம் வங்கிக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் கடன். வங்கி தன் புத்தகத்தில், தான் திருப்பித் தர வேண்டிய தொகையாக அதைப் பதிகிறது. கடைக்கடனில் நாம் திருப்பித் தர வேண்டும், இங்கே வங்கி திருப்பித் தர வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே பொருள்தான். நான் பணியில் இருந்த காலத்தில் வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கியபோது, பாஸ்புக்கை அவர்கள் படிக்கும் விதமே மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

இனி ஒரு நல்ல செய்தி. பண விவகாரத்தில் தமிழ்நாட்டு மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் பல சொற்கள், உருதும் பாரசீகமும் ஆட்சி மொழிகளாக இருந்த வழியாக நம்மிடம் வந்தவை: பாக்கி, வசூல், ரசீது, அசல், ஜாமீன், ஜப்தி, கிஸ்தி. ஆசிரியைக்கும் மாணவருக்கும் பொதுவான சொத்து இது. 'பேலன்ஸ்' என்பதற்குப் பாக்கி, 'பிரின்சிபல்' என்பதற்கு அசல், 'இன்ஸ்டால்மெண்ட்' என்பதற்கு கிஸ்த் என்று கரும்பலகையில் எழுதினால் இருவருக்கும் உடனே விளங்கும். ஜாமீனில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும். உருதில் 'ஸாமின்' என்பது பொறுப்பேற்கும் ஆளையும், 'ஸமானத்' என்பது அந்தப் பொறுப்பையும் குறிக்கும். கடன் பத்திரத்தில் வரும் 'கேரண்டர்' முதலாவது. நீதிமன்றத்தின் 'பெயில்' இரண்டாவது.

'கிராயா' என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் வீட்டு வாடகைக்கு 'ரெண்ட்', பேருந்துக் கட்டணத்துக்கு 'ஃபேர்', வண்டி வாடகைக்கு 'ஹையர்' என்று மூன்று உண்டு. 'பஸ் ரெண்ட்' என்று மாணவர் எழுதினால் காரணம் அதுதான். 'தன்க்வா' மாதச் சம்பளம், 'மஸ்தூரி' கூலி என்ற வேறுபாடு அவர்கள் மொழியிலேயே இருப்பதால் 'சேலரி', 'வேஜஸ்' எளிதாக வந்துவிடும்.

மதுரை வாசகர்

பொதுச் சொற்களிலிருந்து தொடங்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் 'காசு' என்ற சொல்லிலிருந்து போனது என்பதையும் முதல் நாளே சொல்லலாம். மொழி அந்நியமானது அன்று என்ற எண்ணம் வரும்.

சொல்லாய்வு மாணவர்

நண்பரின் நோக்கம் நல்லது. ஆனால் வகுப்பில் சொல்லும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ரொக்கப் பணத்தைக் குறிப்பது, பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் 'காப்ஸா'விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களைக் குறித்த 'கேஷ்' வேறு. தமிழ்க் 'காசு' போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது அதில்தான். சென்னை மாகாணத்தின் பழைய நாணய முறையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று இருந்தது. இன்றைய ஏ.டி.எம்.மில் எடுக்கும் கேஷுக்கும் அந்தக் காசுக்கும் பிறப்பில் உறவில்லை.

உருது மாணவர்களுக்கே நெருக்கமான சான்றுகள் வேண்டுமென்றால் இருக்கின்றன. 'டேரிஃப்' என்ற ஆங்கிலச் சொல் அரபு 'தஃரீஃப்' என்பதிலிருந்து இத்தாலியம் வழியாகச் சென்றது. ஆனால் அதே சொல் உருதில் புகழ்ச்சி, வரையறை என்ற பொருளில் வழங்குவதால், மாணவர் மின்வாரியக் கட்டண அட்டவணையைப் பார்த்துக் குழம்ப வாய்ப்புண்டு. நாணயம் பரிசோதித்து மாற்றித் தரும் 'ஸர்ராஃப்' ஆங்கிலத்தில் 'ஷ்ராஃப்' ஆனார். தமிழிலும் 'சராப்பு' என்று வந்தார். 'எக்ஸ்செக்கர்' என்னும் பிரிட்டிஷ் கருவூலத் துறையின் பெயர், சதுரங்கக் கட்டம் போட்ட துணியின் மேல் காய்களை வைத்துக் கணக்குப் பார்த்த பழக்கத்திலிருந்து வந்தது. அதன் தொலைவேர் பாரசீக 'ஷா', அதாவது சதுரங்க அரசன்.

திருவல்லிக்கேணி வாசகி

உருது என் தாய்மொழி. தமிழ் நான் படித்து வளர்ந்த மொழி. ஆசிரியையின் மரபுத்தொடர் கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். அதை ஓரமாக வைக்கும்படி நண்பர் சொன்னது எனக்கு முழுமையாக உடன்பாடில்லை. மாணவர்கள் ஆங்கிலத் தொடரை ஒப்பித்துவிட்டு மறப்பதற்குக் காரணம், அவர்கள் வீட்டில் பாட்டி சொன்ன தொடரோடு யாரும் அதை இணைத்துக் காட்டாததுதான். இணைத்துக் காட்டினால் நிற்கும்.

படம் அப்படியே ஒத்துப்போகும் தொடர்களை முதலில் எடுங்கள். 'பைஸா பானீ கீ தரஹ் பஹானா' என்பதும் 'ஸ்பெண்ட் மணி லைக் வாட்டர்' என்பதும் தமிழின் 'தண்ணீராகச் செலவழிப்பது'ம் ஒன்றே. 'பைஸே தரக்தோங் பர் நஹீங் உக்தே' என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். 'பணம் என்ன மரத்திலா காய்க்கிறது' என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். ஆங்கிலேயரும் 'மணி டஸ் நாட் க்ரோ ஆன் ட்ரீஸ்' என்கிறார்கள். இவற்றுக்கு விளக்கமே தேவையில்லை.

பொருள் ஒன்றாகவும் படம் வேறாகவும் இருப்பவையே உண்மையில் சுவையானவை. 'அஷர்ஃபியாங் லுடேங் அவுர் கோய்லோங் பர் முஹர்' என்று ஒரு பழமொழி. பொற்காசுகள் கொள்ளை போகின்றன, கரிக்கட்டை மூட்டைக்கு முத்திரை வைத்துப் பாதுகாக்கிறார்கள் என்பது பொருள். 'பென்னி வைஸ் பவுண்ட் ஃபூலிஷ்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உருது கிடைக்காது. 'சாதர் தேக் கர் பாவ் ஃபைலாவ்', போர்வையைப் பார்த்துக் காலை நீட்டு என்பது, 'கட் யுவர் கோட் அக்கார்டிங் டு யுவர் கிளாத்' என்பதற்கு இணை. 'ஆம்தனீ அடன்னீ, கர்ச்சா ருபய்யா', வரவு எட்டணா செலவு ஒரு ரூபாய் என்பது, 'லிவிங் பியாண்ட் ஒன்ஸ் மீன்ஸ்' என்பதற்கு. எதிர்பாராமல் பணம் வந்தால் 'இறைவன் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தான்' என்று நாங்கள் சொல்வோம். தமிழில் நீங்களும் சொல்வீர்கள். ஆங்கிலத்தில் காற்றில் தானாக உதிர்ந்த பழம், 'விண்ட்ஃபால்'. கையில் ஒன்றுமே இல்லாதவர் 'ஃபூடீ கௌடீ பீ நஹீங்' என்பார், உடைந்த சோழிகூட இல்லை என்று. தமிழில் சல்லிக்காசு, ஆங்கிலத்தில் 'நாட் எ பென்னி டு மை நேம்'. சோழி நாணயமாகப் புழங்கிய காலம் அந்த உருதுத் தொடரில் இன்னும் இருக்கிறது.

பழைய நாணயம் போன பிறகும் தொடர் போவதில்லை. இந்தியா 1957 ஏப்ரல் 1 அன்றும், பாகிஸ்தான் 1961 ஜனவரி 1 அன்றும் அணாவை விட்டுப் பதின்மான முறைக்கு மாறின. ஆனாலும் நூற்றுக்கு நூறு உண்மை என்பதற்கு 'ஸோலஹ் ஆனே ஸச்', பதினாறு அணா உண்மை என்றே சொல்கிறோம். பிரிட்டனில் 240 பென்னி ஒரு பவுண்டாக இருந்த முறை 1971 பிப்ரவரி 15 அன்று முடிந்தது. பென்னித் தொடர்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. கருமிகளைப் பற்றிய 'சம்டீ ஜாயே பர் தம்டீ ந ஜாயே' என்பதில் வரும் தம்டீ, பைசாவைவிடச் சிறிய நாணயம். தோல் போனாலும் போகட்டும், அந்தக் காசு போகக் கூடாது என்பது கருத்து. தோல் தொழில் நடக்கும் ஊரில் இதைச் சொன்னால் வகுப்பே விழித்துக்கொள்ளும்.

ஆசிரியை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டியவை, பார்வைக்கு ஒத்திருந்து பொருளில் விலகும் தொடர்கள். பணத் தட்டுப்பாட்டுக்கு உருதில் 'ஹாத் தங் ஹை', கை இறுகியிருக்கிறது என்போம். மாணவர் அதை அப்படியே பெயர்த்து, அகராதியில் தேடி, 'ஐ ஆம் டைட் ஃபிஸ்டட்' என்று எழுதினால் தன்னைக் கஞ்சன் என்று அறிவித்துக்கொண்டதாகும். 'மணி இஸ் டைட்' என்பதே அவர் சொல்ல வந்தது. கைக்கூலி கொடுப்பதை 'முட்டீ கரம் கர்னா', கைப்பிடியைச் சூடாக்குவது என்கிறோம். ஆங்கிலத்தில் உள்ளங்கையில் எண்ணெய் தடவுகிறார்கள், 'க்ரீஸ் ஸம்வன்ஸ் பாம்' என்று. சிறு கைக்கூலியைக் குறிக்கும் 'சாய் பானீ' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் தேநீரும் தண்ணீரும் மட்டுமே வரும்.

லண்டன்வாசி

வாசகியின் பட்டியல் அருமையானது. பயன்பாடு பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவது, 'இன் தி பிளாக்'. ஒரு நிறுவனம் 'இன் தி பிளாக்' என்றால் இலாபத்தில் இயங்குகிறது. 'இன் தி ரெட்' என்றால் நட்டத்தில் அல்லது கடனில் இருக்கிறது. கணக்கேட்டில் குறைவைச் சிவப்பு மையில் எழுதிய வழக்கத்திலிருந்து வந்தது இது. ஆனால் உருதிலும் இந்தியிலும் தமிழிலும் கறுப்பு என்றாலே கறுப்புப் பணம், 'பிளாக்'கில் விற்பது என்றுதான் காது பழகியிருக்கிறது. ஏற்றுமதி வாடிக்கையாளர் தம் நிறுவனம் 'இன் தி பிளாக்' என்று பெருமையாக எழுதினால், மாணவர் அதைச் சட்டவிரோதம் என்று புரிந்துகொள்ளும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது.

இரண்டாவது, பென்னி வரும் தொடர்கள் எல்லாமே பணத்தைப் பற்றியவை அல்ல. 'தி பென்னி டிராப்ட்' என்றால் தாமதமாகப் புரிந்தது என்று பொருள். 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால், காசு போட்டால் திறக்கும் பொதுக் கழிப்பறைகளின் காலத்திலிருந்து, கழிப்பறைக்குப் போவது என்று பொருள். வழிகாட்டி நூல்கள் இவற்றையும் செலவுத் தலைப்பின் கீழ் சேர்த்துவிடுகின்றன.

மூன்றாவது, 'கமேட்டீ'. பாகிஸ்தானியர் மாதம்தோறும் பணம் போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கராச்சியில் 'பீஸீ' என்பதும் உண்டு. இங்கு குடியேறிய குடும்பங்களிடமும் இந்த வழக்கம் தொடர்கிறது. தமிழ்நாட்டில் ஏலம் இல்லாமல் நடக்கும் குலுக்கல் சீட்டு ஏறக்குறைய இதுதான். ஆனால் 'ஐ காட் மை கமிட்டி' என்று இங்குள்ள வங்கி அதிகாரியிடம் சொன்னால் அவருக்கு ஒரு குழுவின் கூட்டம்தான் மனத்தில் தோன்றும். வந்த தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் இடத்தில் 'சேவிங்ஸ்' என்ற சொல்லோடு சேர்த்து விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பொதுவாக, மரபுத்தொடர்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளவே கற்பியுங்கள். வணிகக் கடிதத்தில் 'ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' வரக் கூடாது. 'வெரி எக்ஸ்பென்சிவ்' போதும். 'பிரைஸ் இஸ் எக்ஸ்பென்சிவ்' என்பதையும் திருத்துங்கள்: பொருள்தான் எக்ஸ்பென்சிவ், விலை 'ஹை'.

வாணியம்பாடி ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் எண்கள், பிறகு லெண்ட், பாரோ, கிரெடிட் போன்ற திசைச் சொற்கள், அதன் பின் வாசகி கொடுத்த வரிசையில் பழமொழிகள் என்று பாடத்தை அமைக்கப் போகிறேன். உருதுப் பழமொழியை மாணவரே சொல்ல, ஆங்கில இணையை நான் சொல்வதாக வைத்தால் வகுப்பு இரு பக்கமும் நகரும்.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லுக்கு 'ஸூத்' என்று எழுதியபோது, வட்டி வாங்குவதையும் கொடுப்பதையும் மார்க்கம் விலக்கியிருப்பதால், அதைக் கணக்குப் போட்டுப் பழகலாமா என்று ஒரு மாணவி கேட்டார். அவருடைய தயக்கத்தை மதிக்கிறேன். அந்தப் பாடத்தை விட்டுவிடுவதா, எப்படி நடத்துவது?

திருவல்லிக்கேணி வாசகி

விட்டுவிட வேண்டாம். இந்த ஒரு சொல்லிலேயே உருதில் மூன்று சொற்கள் அடங்கியிருக்கின்றன: வட்டிக்கு ஸூத், ஆர்வத்துக்கு தில்சஸ்பீ, நலனுக்கு மஃபாத். மூன்றையும் சேர்த்துக் கற்பித்தால் மாணவிக்குத் தயக்கமும் குறையும், செய்தித்தாளில் வரும் 'பப்ளிக் இன்ட்ரஸ்ட்' என்பதும் விளங்கும்.

பாகிஸ்தானில் இது சட்டம் வரை சென்ற கேள்வி என்பதையும் அவரிடம் சொல்லலாம். 1980களிலிருந்தே அங்குள்ள வங்கி ஆவணங்களில் 'மார்க்கப்' என்ற சொல் வட்டியின் இடத்துக்கு வந்துவிட்டது. சேமிப்புக்குக் கிடைப்பதை 'பிராஃபிட்' என்கிறார்கள். 2022 ஏப்ரலில் அந்நாட்டின் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம், 2027 முடிவுக்குள் வட்டியை நிதித்துறையிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கராச்சியிலிருந்து வரும் கடிதத்தில் 'மார்க்கப்' என்று கண்டால் அது கடைக்காரர் விலையில் வைக்கும் இலாப விளிம்பாகவும் இருக்கலாம், கடனுக்கான கட்டணமாகவும் இருக்கலாம். சூழலைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்ற வங்கியாளர்

வட்டியைத் தவிர்க்க விரும்புகிறவரே அந்தச் சொல் எங்கெல்லாம் மறைந்திருக்கிறது என்பதை மற்றவர்களைவிடத் துல்லியமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தவணை முறை விளம்பரங்களில் அது 'ஃபைனான்ஸ் சார்ஜ்' என்றும், 'ஃப்ளாட் ரேட்' என்றும் வரும். அந்த மாணவிக்கு இந்தக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு லட்சம் ரூபாயை ஓராண்டுக்கு 10 விழுக்காடு 'ஃப்ளாட் ரேட்'டில் கடனாக வாங்கி, மாதத் தவணையில் அடைத்தால் வட்டி 10,000 ரூபாய். அதே 10 விழுக்காடு 'ரெட்யூசிங் பேலன்ஸ்' முறையில், அதாவது மீதமுள்ள பாக்கிக்கு மட்டும் என்றால், வட்டி ஏறக்குறைய 5,500 ரூபாய்தான். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வர, ஃப்ளாட் ரேட்டில் வட்டி மட்டும் தொடக்கத் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. குறையும் பாக்கி முறைக்கு மாற்றிப் பார்த்தால் அந்தப் பத்து உண்மையில் 18 விழுக்காட்டுக்கு அருகில் நிற்கும். 'ஃப்ளாட்' என்ற சொல்லை 'பராபர்', சமம் என்று பெயர்த்துக்கொண்டு கையெழுத்திடுகிறவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். கடன் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை வகுப்புக்குக் கொண்டு வந்து, அதில் ஃப்ளாட், ரெட்யூசிங், ஆனுவல், பெர் மந்த் ஆகிய நான்கையும் மாணவர்களே அடிக்கோடிடும்படி செய்யுங்கள். மாதத்துக்கு 2 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால், அதை 12 ஆல் பெருக்கிப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்று பழக்குங்கள்.